இணையக் கலைக்களஞ்சியங்களில் பொய்ப்பதிவுகள்: கண்டறிதலும் களைதலும் - பிச்சோலிம் போர்க் கட்டுரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

எவரும் தொகுக்கத்தக்க கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில், இல்லாத ஒன்றை இருந்ததாகக் காட்டும் நோக்குடன் எழுதப்படும் பதிவுகள் அவ்வப்போது இடம்பெறுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் நீக்கப்படுகின்றன. எஞ்சும் சில, ஆண்டுக்கணக்கில் நிலைத்து, செய்தித்தாள்களிலும் நூல்களிலும் ஏறிவிடுகின்றன. அத்தகைய பதிவுகள் தப்பிப் பிழைப்பது எதனால், அவற்றை வெளிக்கொணர்ந்த முறைகள் யாவை, நீக்கத்திற்குப் பின்னும் எஞ்சும் பணி யாது என்பனவற்றை இக்கட்டுரை சில நிகழ்வுகளின்வழி விளக்குகிறது. தமிழில் இணையத் தரவுகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்க்கு இச்செய்தி எவ்வகையில் பொருந்தும் என்பதும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விக்கிப்பீடியா, பொய்ப்பதிவு, மெய்யறிதன்மை, சுழற்சான்று, நூலடைவு, சுற்றுக்காவல்.

முன்னுரை

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இடைச்செருகல், போலிநூல் என்னும் சொற்கள் புதியன அல்ல. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றெனக் கொண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை பதிப்பித்த ‘இன்னிலை’, பிற்காலத்தார் புனைந்தது எனப் பின்வந்த ஆய்வாளர் பலரால் தள்ளப்பட்டது. ‘கைந்நிலை’ அவ்விடத்தைப் பெற்றது. பதிப்பித்தவரின் தமிழ்ப்பற்று இங்கு ஐயத்திற்குரியதன்று. அவர் கைக்கு வந்த மூலமே ஐயத்திற்குரியது. நல்லெண்ணம் கொண்ட ஒருவரின் கைவழியாகவே போலி நூல் அவையேறியது என்பதே இந்நிகழ்வில் நினைவிற்கொள்ளத் தக்கது. இணையக் கலைக்களஞ்சியத்தின் பொய்ப்பதிவுகளும் பெரும்பாலும் அவ்வழியிலேயே நிலைபெறுகின்றன. பொய்யை எழுதுபவர் ஒருவர். எழுத்துப்பிழை திருத்தியும், பகுப்பு இட்டும், படம் சேர்த்தும் அதற்குக் கலைக்களஞ்சியத் தோற்றம் தருவோர் பலர். இப்பலருள் எவரும் பொய்யர் அல்லர்.

இக்கட்டுரையில் ‘பொய்ப்பதிவு’ என்பது, ஏமாற்றும் நோக்குடன், உண்மைபோல் தோன்றுமாறு எழுதப்பட்ட பதிவை மட்டும் குறிக்கும். ஒரு பக்கத்தை அழித்துவிட்டு வசைச்சொல் எழுதுவது விசமத் தொகுப்பு. அதனை எவரும் கண்டவுடன் அறிவர். அறியாமையால் நேர்வது பிழை. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘டோர்ட்’ என்றொரு சொல் ‘அடர்த்தி’ என்னும் பொருளுடன் இடம்பெற்றது. ‘டி அல்லது டி’ எனப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் குறித்த சுருக்கக்குறிப்புச் சீட்டை ஒரே சொல்லாகப் படித்ததால் விளைந்தது அது. 1939இல்தான் அகராதியார் அதனைக் கண்டனர். அது பொய்யன்று, பிழை. நோக்கம் வேறு என்பதால் தேடும் முறையும் வேறாகிறது. பிழை செய்தவர் தடயத்தை மறைப்பதில்லை. பொய்ப்பதிவு எழுதுபவர் சான்றுகளையும் சேர்த்தே புனைகிறார்.

அச்சுக் காலத்து முன்னோடிகள்

இக்குறை இணையத்தோடு பிறந்ததன்று. 1887 முதல் 1889 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஆப்பிள்டன் அமெரிக்க வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தில், இல்லாத மனிதர்களின் வரலாறுகள் பல இடம்பெற்றிருந்தன. தாவரவியல் அறிஞர் ஜான் ஹெண்ட்லி பார்ன்ஹார்ட், தம் துறையைச் சார்ந்த 14 பேர் பிறந்திராதவர்கள் என்பதை 1919இல் எழுதி வெளிப்படுத்தினார். அச்சேறி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவை வெளிப்பட்டன. அவற்றைக் கண்டவர் கலைக்களஞ்சிய ஆசிரியர் குழுவினர் அல்லர், துறைவல்லுநர் ஒருவர். தம் துறையின் நூல்களையும் பெயர்களையும் முழுதும் அறிந்தவர்க்கே, இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இல்லாமையும் இருக்கக்கூடாத இடத்தில் ஒன்று இருத்தலும் கண்ணிற்படும்.

1975ஆம் ஆண்டு நியூ கொலம்பியா கலைக்களஞ்சியம் லிலியன் வர்ஜீனியா மவுன்ட்வீசல் என்னும் ஒளிப்படக் கலைஞரைத் தானே புனைந்து சேர்த்துக்கொண்டது. இதனை வேறொருவர் படியெடுத்தால் கண்டுபிடிக்க உதவும் பொறியாகவே இத்தகைய பதிவுகள் கருதப்படுகின்றன. இவற்றைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், அச்சில் வந்தமையே உண்மைக்குப் போதிய சான்று என்று கருதுவோர் ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்கத் தக்கவை.

பிச்சோலிம் போர்: ஐந்தாண்டு நிலைத்த பொய்

2007 சூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘பிச்சோலிம் போர்’ என்னும் கட்டுரை தொடங்கப்பட்டது. கோவாவை ஆண்ட போர்த்துக்கீசியர்க்கும் மராத்தியப் பேரரசுக்கும் இடையே 1640 முதல் 1641 வரை நடந்த, முறையாக அறிவிக்கப்படாத போர் ஒன்றின் வரலாறாக அது அமைந்தது. ஏறத்தாழ 4,500 சொற்கள், ஒழுங்கான பகுப்புகள், அடிக்குறிப்புகள். அதே ஆண்டு செப்டம்பரில் அக்கட்டுரை ‘நல்ல கட்டுரை’ என்னும் தரநிலையைப் பெற்றது. அதனினும் உயர்ந்த ‘சிறப்புக் கட்டுரை’ நிலைக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, மிகச் சில நூல்களையே சார்ந்திருக்கிறது என்னும் குறையால் ஏற்கப்படவில்லை. 2012 டிசம்பர் இறுதியில்தான், அது முழுப்பொய் என்பதை ஒரு தொகுப்பாளர் கண்டறிந்து நீக்கத்திற்கு முன்மொழிந்தார். அதில் சுட்டப்பட்ட முதன்மை நூல்களுக்கு நூலகப் பட்டியல்களில் சுவடே இல்லை.

இக்கட்டுரை ஏன் தப்பியது என்பதை விரிவாக நோக்குதல் வேண்டும். பிச்சோலிம் கற்பனை ஊர் அன்று. வட கோவாவில் டிச்சோலி என வழங்கும் உண்மையான ஊர். போர்த்துக்கீசியரும் மராத்தியரும் மோதியதும் உண்மையே. சம்பாஜி 1683இல் கோவாவின்மீது படையெடுத்தார். உண்மையான இடம், உண்மையான பகைமை, ஏற்கத்தக்க ஒரு நூற்றாண்டு ஆகியவற்றின்மேல் பொய் எழுப்பப்பட்டமையால், பொது வாசகர்க்கு ஐயம் எழவில்லை. கேட்டிராத சிறு போர் என்று கடந்துசென்றனர். இந்திய வரலாற்றில் அவர்கள் கேட்டிராத போர்கள் எத்தனையோ உள்ளனவே!

ஆனால் இந்திய வரலாறு பயின்ற முதுகலை மாணவர் ஒருவர் அதன் முதல் வரியிலேயே நின்றிருக்க வேண்டும். சிவாஜி பிறந்தது 1630இல் என்பது பெரிதும் ஏற்கப்பட்ட முடிவு. அவர் ராய்கட்டில் முடிசூடியது 1674இல். 1640இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் பின்னாளில் நிறுவிய பேரரசு, அவ்வாண்டில் போர்த்துக்கீசியரோடு போரிட்டிருத்தல் இயலாது. பிச்சோலிம் பகுதி அக்காலத்தில் பீஜப்பூர் அடில்சாகி அரசின்கீழ் இருந்தது. ‘புதிய வெற்றிப்பகுதிகள்’ என வழங்கும் நிலங்களோடு அது போர்த்துக்கீசியர் கைக்கு நிலையாக வந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். மேலும், அந்த ஆண்டுகளில் கோவா அரசின் கவலை கடலில் இருந்தது. டச்சுக்காரர் கோவாத் துறைமுகத்தை ஆண்டுதோறும் முற்றுகையிட்டு வந்தனர். 1641 சனவரியில் மலாக்கா அவர்கள் வசமாயிற்று. 1640 டிசம்பரில் போர்த்துக்கல் தாயகமே ஸ்பெயின் ஆட்சியிலிருந்து விடுபட எழுந்தது. இவ்வளவும் பாடநூல் அளவிலான செய்திகள். பொய்யை உடைக்கப் போதுமான அகச்சான்று கட்டுரையின் தலைப்பிலும் ஆண்டிலுமே இருந்தது.

அவ்வாறாயின் தரமதிப்பீடு செய்தவர் எதனைப் பார்த்தார்? ‘நல்ல கட்டுரை’ மதிப்பீட்டைப் பொதுவாக ஒரே தொகுப்பாளர் செய்கிறார். நடை தெளிவாக உள்ளதா, அடிக்குறிப்பு உள்ளதா, நடுநிலை உள்ளதா என்பன அதன் அளவுகோல்கள். அடிக்குறிப்பு இருத்தல் வேறு, அடிக்குறிப்பிற்குரிய நூல் இருத்தல் வேறு. இவ்வேறுபாடே ஐந்தாண்டுக் காலம் எவர் பார்வைக்கும் வராமற் போயிற்று. விக்கிப்பீடியாவை மட்டும் இதன்பொருட்டுக் குறைகூறுதல் நேர்மையன்று. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல் எந்த அளவிற்குச் சரிபார்க்கப்படுகிறது என்பதை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர்.

காஷின் வெள்ளிச்சுரங்கம்

பிச்சோலிம் ஒரு தனிக்கட்டுரை. சீன விக்கிப்பீடியாவில் 2022இல் வெளிப்பட்டதோ ஒரு முழு உலகம். ‘ஜெமாவ்’ என்னும் பயனர்பெயரில் எழுதிய ஒருவர், 2012 முதல் இடைக்கால ரஷ்யாவைப் பற்றி 206 கட்டுரைகளைப் படைத்திருந்தார். காஷின் என்னும் இடத்தில் பெருஞ்சுரங்கம் ஒன்று இருந்ததாகவும், அதன் வெள்ளிக்காகத் த்வேர் இளவரசர்களும் மாஸ்கோவும் போரிட்டதாகவும் எழுதப்பட்டிருந்தது. சுரங்கத்தின் மண்வளம், அதில் உழைத்த அடிமைகளின் எண்ணிக்கை, வெள்ளியை உருக்கிய முறை என நுண்விவரங்கள் நிறைந்திருந்தன. கட்டுரைகள் ஒன்றையொன்று இணைத்துச் சுட்டின. தாம் ரஷ்யாவில் வாழ்ந்து உலக வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர் என அவர் தம்மைக் காட்டிக்கொண்டார். சமூகம் அவருக்குப் பாராட்டுச் சின்னமும் வழங்கியிருந்தது.

யிஃபான் என்னும் சீனப் புனைகதை எழுத்தாளர் தம் நாவலுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தபோது இச்சுரங்கத்தின்பால் ஈர்க்கப்பட்டார். மேலும் அறிய விரும்பி ரஷ்ய மொழி அறிந்தோரை நாடியபோது, சுட்டப்பட்ட பக்கங்களும் பதிப்புகளும் இல்லை என்பது தெரியவந்தது. புனைந்தவர் தம் மன்னிப்புக் கடிதத்தில், தாம் உயர்நிலைப் பள்ளிக் கல்வியோடு நின்ற இல்லத்தரசி என்றும், மூலங்களை மொழிபெயர்ப்புக் கருவியால் படித்தபோது விளங்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பத் தொடங்கியதே இவ்வாறு வளர்ந்தது என்றும் கூறினார். அவர் வேறு பயனர்பெயர்களையும் கையாண்டு, தம் கட்டுரைகளுக்குத் தாமே ஆதரவு காட்டியது விசாரணையில் வெளிப்பட்டது. இத்தகைய துணைக்கணக்குகளைத் தமிழ் விக்கிப்பீடியர் ‘கைப்பாவை’ என்பர்.

கண்டறிதல் நோக்கில் இந்நிகழ்வு கற்பிப்பது ஒன்றுண்டு. மூலமொழியும் களஞ்சிய மொழியும் வேறாக இருக்கும்போது சரிபார்ப்பு தளர்கிறது. ரஷ்ய நூலைச் சான்று காட்டிச் சீனத்தில் எழுதினால், இரண்டையும் படிப்பவர் சிலரே. அச்சிலரும் இடைக்கால த்வேரில் நாட்டம் கொண்டோராய் இருக்கவேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2005 மே மாதம் சேர்க்கப்பட்ட ‘ஜாரெடோ வென்ஸ்’ என்னும் ஆத்திரேலியத் தொல்குடித் தெய்வம் ஏறத்தாழப் பத்தாண்டுகள், 2015 மார்ச் வரை, நீடித்ததற்கும் காரணம் இதுவே. சாதாரண ஆங்கில ஆள்பெயர் ஒன்றை வேறிடத்தில் பிரித்து எழுதியதே அப்பெயர். தொல்குடியினரின் தெய்வப் பெயர்கள் தமக்கு விளங்காதிருப்பது இயல்பு என்று ஆங்கில வாசகர் கருதினர். சமயத் தத்துவம் குறித்து 2012இல் வெளிவந்த நூலொன்றில், மறக்கப்பட்ட தெய்வங்களின் வரிசையில் அப்பெயரும் இடம்பெற்றுவிட்டது. பிறர் பண்பாட்டைப் பற்றிய அறியாமை இங்குப் பொய்க்குக் காவலாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஆய்வுகள் கூறுவன

இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகும் ஆய்வு, ஸ்ரீஜன் குமார், ராபர்ட் வெஸ்ட், யூரே லெஸ்கோவெச் ஆகியோர் 2016ஆம் ஆண்டு உலகளாவிய வலை மாநாட்டில் அளித்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் எப்போதேனும் பொய்ப்பதிவு எனக் குறியிடப்பட்ட 21,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். பொய்ப்பதிவுகளுள் ஏறத்தாழ 90 விழுக்காடு, புதுப்பக்கச் சுற்றுக்காவலர் பார்வையிட்ட ஒரு மணி நேரத்திற்குள் குறியிடப்படுகின்றன. ஆனால் ஏறத்தாழ 1 விழுக்காடு ஓராண்டிற்கு மேலும் நிலைக்கின்றன. முதல் எண்ணைக் கண்டு அமைதியடைதல் எளிது. ஆய்வாளர்க்குத் தீங்கு விளைவிப்பது இரண்டாம் எண்ணே.

அவர்கள் கண்ட அடையாளங்கள் பொது நம்பிக்கைக்கு மாறானவை. தப்பிப் பிழைத்த பொய்ப்பதிவுகள் குறுகியவை அல்ல. மெய்யான புதுக்கட்டுரைகளைவிட அவை பெரும்பாலும் நீண்டவை. ஆயினும் சொல்லெண்ணிக்கையோடு ஒப்பிட, பிற கட்டுரைகளுக்குத் தரும் உள்ளிணைப்புகள் அவற்றில் குறைவு. மெய்யான பொருளைப் பற்றி எழுதும்போது அதனைச் சூழ்ந்த ஊர், ஆள், நூல் அனைத்தும் தாமே வந்து இணையும். அவ்வாறு இணைக்கப்பட்டவை தமக்குள்ளும் தொடர்புடையனவாக இருக்கும். புனைந்தவற்றில் இப்பின்னல் நெகிழ்ந்திருக்கும். அடுத்து, கட்டுரை தோன்றுவதற்கு முன்பே அப்பெயர் வேறு கட்டுரைகளில் வழங்கியதா என்பது. மெய்ப்பொருளின் பெயர் பெரும்பாலும் முன்னரே வேறிடங்களில் இருக்கும். பொய்ப்பதிவின் பெயர் முன்பு இருந்தாலும், அது சற்று முன்னர் அதே பயனராலோ பெயரிலாத் தொகுப்பாளராலோ செருகப்பட்டதாக இருப்பது வழக்கம். படைத்தவரின் கணக்கு எவ்வளவு பழமையானது, முன்னர் எத்தனை தொகுப்புகள் செய்துள்ளார் என்பனவும் துணைசெய்கின்றன.

மெய்யும் பொய்யும் இணையாகத் தரப்பட்டு, பொய் எது எனக் கேட்கப்பட்டபோது மனிதர் 66 விழுக்காடும், மேற்கண்ட அடையாளங்களைக் கொண்ட கணினி வகைப்படுத்தி 86 விழுக்காடும் சரியாகக் கூறினர். கண்ணை மூடிச் சொன்னாலும் 50 விழுக்காடு சரியாகும் என்பதை நினைத்தால், மனிதர் பெற்ற வெற்றி சிறிது. கட்டுரையின் தோற்றத்தைக் கண்டு அவர்கள் முடிவுசெய்தனர்; நீளமும் இணைப்பும் உடையதை மெய்யென்றனர். கணினியோ உள்ளடக்கத்தின் பொருளைப் புரிந்துகொள்ளவே இல்லை. கட்டுரையின் சூழலையும் பிறப்பையும் மட்டும் நோக்கியது. அகச்சான்றைவிடப் புறச்சான்றே இங்கு வலிமையுடையதாயிற்று. எனினும் ஜெமாவ் போன்றவரிடம் இம்முறை எவ்வளவு செல்லும் என்பது ஐயமே. பத்தாண்டுப் பழமையான கணக்கு, ஆயிரக்கணக்கான தொகுப்புகள், ஒன்றையொன்று சுட்டும் கட்டுரைகள் ஆகிய அனைத்தும் அவரிடம் இருந்தன. அங்குப் பயன்பட்டது மூலநூலைத் திறந்துபார்த்தல் ஒன்றே.

சுழற்சான்று

பொய்ப்பதிவினால் விளையும் கேடுகளுள் மிகக் கொடியது, பொய் தனக்குத் தானே சான்றாகிவிடுதல். 2009 பிப்ரவரியில் கார்ல்-தியோடோர் சூ குட்டன்பெர்க் செருமனியின் பொருளாதார அமைச்சரானபோது, அவருடைய நீண்ட முதற்பெயர் வரிசையில் ‘வில்லெல்ம்’ என்னும் பெயரை ஒருவர் விக்கிப்பீடியாவில் செருகினார். மறுநாள் நாளேடுகளும் இணையச் செய்தித்தளங்களும் அப்பெயரையும் சேர்த்தே வெளியிட்டன. விக்கிப்பீடியாவில் ஐயம் எழுப்பப்பட்டபோது, அச்செய்தித்தளம் ஒன்றே சான்றாகக் காட்டப்பட்டது. வரைபட நகைச்சுவைத் தொடரான ‘எக்ஸ்கேசிடி’ 2011இல் இச்சுழற்சிக்கு ஒரு பெயரே சூட்டியது. இதனைத் தமிழில் சுழற்சான்று எனலாம்.

இச்சுழலை அறுக்க வழியுண்டு. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்திற்கும் ‘வரலாறு’ என்னும் பகுதி உண்டு. எந்தத் தொடர் எந்த நாளில் எவரால் சேர்க்கப்பட்டது என்பது அங்குப் பதிவாகியுள்ளது. ‘விக்கிபிளேம்’ என்னும் கருவி, தொடரைத் தந்தால் அது முதன்முதல் தோன்றிய தொகுப்பைத் தேடித் தரும். அந்நாளுக்கு முந்திய சான்றே சான்றாகக் கொள்ளத் தக்கது. அதற்குப் பிந்தியது, எவ்வளவு புகழ்பெற்ற பதிப்பகம் வெளியிட்டதாயினும், தனித்த சான்றாகாது. களஞ்சியத்தைப் படித்தே எழுதப்பட்டிருக்கலாம். பாடபேதங்களை ஒப்பிடுவோர், ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட பத்துச் சுவடிகளைப் பத்துச் சான்றுகளாக எண்ணுவதில்லை. அதே நெறிதான் இது.

களைதல்

வெளிப்படையான பொய்ப்பதிவு எனின், ஆங்கில விக்கிப்பீடியாவின் விரைவு நீக்கல் நெறிகளின்கீழ் நிர்வாகி உடனே நீக்கலாம். ஐயத்திற்கு இடமிருப்பின், ஏழு நாள் உரையாடலுக்கு வைப்பதே வழக்கம். ‘நன்னம்பிக்கை கொள்க’ என்பது அச்சமூகத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்றாதலால், குற்றஞ்சாட்டும் தொனியின்றி, இன்ன நூலடைவில் தேடினேன், கிடைக்கவில்லை, பக்கம் காட்ட இயலுமா எனக் கேட்டுத் தொடங்குவர். இக்கேள்விக்கு மெய்யான ஆய்வாளர் பக்கத்தைக் காட்டுவார். புனைந்தவர் பெரும்பாலும் மறைந்துவிடுவார் அல்லது சினம் கொள்வார்.

2005இல் அமெரிக்க இதழாளர் ஜான் சீகென்தாலரைக் கென்னடி சகோதரர் கொலைகளில் ஐயத்திற்கு உள்ளானவர் என எழுதிய பொய்ப்பதிவு நான்கு மாதம் நிலைத்திருந்தது. அது வெளிப்பட்ட பின்னர், பதிவுசெய்யாதோர் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப்பக்கம் தொடங்கும் உரிமை நிறுத்தப்பட்டது. 2018 முதல் புதிய கணக்குகளுக்கும், நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் நிறைவுறும்வரை, அவ்வுரிமை இல்லை. செருமன் விக்கிப்பீடியா 2008 முதல், புதியவர் செய்யும் மாற்றங்களை நம்பிக்கைக்குரிய தொகுப்பாளர் ஒருவர் பார்வையிட்ட பின்னரே பொதுவாசகர்க்குக் காட்டுகிறது. இத்தடைகள் பயனுடையனவே. எனினும் இவற்றால் ஆள்பலமற்ற சிறுமொழிக் களஞ்சியங்களில் புதியவர் வரவு குன்றும் என்னும் அச்சமும் நியாயமானதே.

பக்கத்தை நீக்குவதோடு பணி முடிவதில்லை. பொய்ப்பெயர் பிற கட்டுரைகளில் சிதறியிருக்கும், பட்டியல்களில் இருக்கும், விக்கித்தரவில் தனி உருப்படியாக இருக்கும், பிறமொழி விக்கிப்பீடியாக்களில் மொழிபெயர்ந்திருக்கும். களஞ்சியத்தைப் படியெடுக்கும் தளங்கள் பழைய வடிவத்தையே வைத்திருக்கும். படைத்தவரின் ஏனைய தொகுப்புகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். இதில் மிகுந்த உழைப்பைக் கோருவது, அவர் மெய்யான கட்டுரைகளுக்குள் செருகிய ஒற்றை வரிகள். முழுக்கட்டுரையைக் காட்டிலும் ஒற்றை வரியே கண்ணுக்குத் தப்புவது. இடைச்செருகலை ஆராய்ந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நீண்டநாள் நிலைத்த பொய்ப்பதிவுகளின் பட்டியலொன்றை ஆங்கில விக்கிப்பீடியர் வெளிப்படையாகவே பேணி வருகின்றனர். பொய்யை அழித்துவிட்டு அதன் நினைவையும் அழித்தல் பிற்கால ஆய்வாளர்க்கு உதவாது என்பதால் இச்செயல் பாராட்டுக்குரியது.

தமிழ் ஆய்வாளர் நோக்கில்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி, 2017இல் ஒரு நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. அதன் கட்டுரைகளுள் பல ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. மூலத்தில் பொய் இருப்பின், மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு நேர்மையாகப் பெயர்த்தாலும் பொய்யே வந்து சேரும். அங்கு நீக்கிய செய்தி இங்குத் தானாக வந்து சேராது.

நூல் உண்டா என அறியத் தமிழில் வாயில்கள் பல உள்ளன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடைவு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் மின்திரட்டு, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நூற்படிகளைப் பெறும் கன்னிமாரா பொது நூலகம் ஆகியன முதலில் நாடத்தக்கவை. அண்மைக்கால நூலாயின் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொண்டும் ஒரு தொடக்கச் சோதனை செய்யலாம். இலக்கங்களை முறையே 1, 3, 1, 3 எனப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிடில் எண் தவறு. அச்சுப்பிழையாகவும் இருக்கலாம், புனைவாகவும் இருக்கலாம். வகுபட்டால் மட்டும் நூல் மெய்யாகிவிடாது. செயற்கை நுண்ணறிவு உரையாக்கிகள் இல்லாத நூல்களுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் அனைத்தும் அமைத்துத் தரும் இக்காலத்தில் இச்சோதனையின் தேவை கூடியுள்ளது. ஆங்கில விக்கிப்பீடியா 2025இல், மனிதப் பார்வையின்றி அவ்வாறு உருவாக்கி இடப்படும் பக்கங்களை விரைவாக நீக்குவதற்கெனத் தனி நெறியே வகுத்தது. இல்லாத நூல்களைச் சுட்டுதல் அதற்குரிய அடையாளங்களுள் ஒன்று.

மறுபக்கமும் உண்டு. மேற்சுட்டிய 2016ஆம் ஆண்டு ஆய்வு, பொய்யெனத் தவறாகக் குறியிடப்பட்ட மெய்க்கட்டுரைகளையும் தனிவகையாகக் கொண்டது. தமிழ்ச்சூழலில் இவ்வகைக்கு இடம் மிகுதி. ஓர் ஊரில் மட்டும் வழிபடப்படும் நாட்டார் தெய்வம், கூத்துக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை, அச்சேறாத கதைப்பாடல் ஆகியவற்றிற்கு நூலடைவில் சான்று தேடினால் கிடைக்காது. ‘சான்றில்லை, ஆகவே பொய்’ என்னும் விதியை இவற்றின்மேல் செலுத்தினால், ஏட்டில் ஏறாத மக்களின் வரலாறு களஞ்சியத்திலும் ஏறாது. சான்றில்லை என்று எழுதாமலிருத்தல் ஒன்று. இருந்ததேயில்லை என்று அறிவித்தல் மற்றொன்று. ஜாரெடோ வென்ஸ் போன்றதொரு தெய்வத்தைத் தமிழ்நாட்டு ஊரொன்றின் பெயரில் எவரேனும் புனைந்தால் என்செய்வது என்னும் வினாவிற்கும் விடை களத்தில்தான் உள்ளது. தகவலாளர், இடம், நாள் ஆகியவற்றுடன் கள ஆய்வாளர் எழுதி, துறைவல்லுநர் பார்வைக்குப்பின் ஆய்விதழில் வெளியிடும் கட்டுரையே களஞ்சியத்திற்குரிய சான்றாக முடியும். அவ்வகைக் கட்டுரைகள் குறைவாக உள்ளவரை, மெய்யான தெய்வமும் புனைந்த தெய்வமும் இணையத்தில் ஒரே தோற்றத்தோடுதான் நிற்கும்.

ஐயத்திற்குரிய பதிவொன்றைக் காணும் விரிவுரையாளர் அதனை வகுப்பில் நகைத்துக் கடந்துவிடாமல், அப்பதிவின் பேச்சுப் பக்கத்தில் எந்தெந்த அடைவுகளில் எந்த நாளில் தேடினார் என்பதைக் குறித்து வைத்தல் வேண்டும். நீக்கப்பட்ட பக்கத்தின் உள்ளடக்கத்தை நிர்வாகிகள் மட்டுமே காண இயலும் என்பதால், நீக்கத்திற்கு முன்னரே அதன் வரலாற்றைப் படியெடுத்துக் கொள்ளுதலும் நன்று. அப்பதிவை நம்பி ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுக்கட்டுரை இருப்பின், அதனை வெளியிட்ட இதழ் திருத்தக் குறிப்பொன்றை இணைக்கலாம். இணைய இதழ்களுக்கு இதனால் ஒரு பக்கச் செலவும் இல்லை.